கொல்லைக் கோழிகளுக்கு வைரஸ் நோய் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த கோழி காலையில் செத்துக் கிடக்கிறது. இன்னொன்று தூங்கி வழிகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மருந்து தேடி ஓடாதீர்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

எல்லாக் கோழிகளையும் கொட்டிலுக்குள் அடைத்துவிடுங்கள். மேய்ச்சலை அன்றே நிறுத்த வேண்டும். தூங்கி வழியும் கோழியைத் தனியாக ஒரு பஞ்சாரத்திலோ பெட்டியிலோ வையுங்கள். கொட்டிலின் மறுமூலை போதாது. காற்று அங்கிருந்து கொட்டில் பக்கம் வீசாத தூரம் வேண்டும். அதன் தண்ணீர்க் கிண்ணமும் தீவனத் தட்டும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது. செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல் இரண்டு பாலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, நிழலில், நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அவர் வருவதற்குள் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியவை: மொத்தம் எத்தனை கோழிகள், என்ன வயது, எத்தனை செத்தன, முதல் அறிகுறி எப்போது தெரிந்தது, கடைசியாக எந்தத் தடுப்பூசி எப்போது போட்டீர்கள், கடந்த ஒரு மாதத்தில் வெளியிலிருந்து எந்தப் பறவை வந்தது. கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். பலர் இதை வெட்கக்கேடாக நினைத்து மறைக்கிறார்கள். நீங்கள் வாய் மூடியிருக்கும் இரண்டு நாட்களில் அவர்கள் கொட்டிலும் காலியாகிவிடலாம். நோய் வந்தது உங்கள் குற்றமல்ல. தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

ஒரே இரவில் பல கோழிகள் செத்திருந்தால், அல்லது அருகிலேயே வாத்துகளோ காட்டுப் பறவைகளோ காக்கைகளோ செத்துக் கிடந்தால், மேலே சொன்னபடி கோழிகளைக் கையாள வேண்டாம். எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

பார்த்தவுடனே இன்ன நோய் என்று சொல்ல முடியுமா?

ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் நோய்களின் முகங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வெள்ளைக்கழிச்சல், இராணிக்கெட், நியூகாசில் என்று பல பெயரில் வழங்குவது ஒரே நோய். 1926 இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும், சில நாட்கள் தாங்கிய கோழிக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் விளங்காமல் போகும். முட்டை திடீரென்று நின்றுவிடும், அல்லது ஓடு தோல் போலிருக்கும். தொற்றியதற்கும் அறிகுறிக்கும் இடையே 2 முதல் 15 நாட்கள், பெரும்பாலும் 5 அல்லது 6. தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடும் வகை புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும்.

கோழி அம்மை மெதுவான நோய். கொண்டை, தாடி, கண்ணோரம் எல்லாம் கொப்புளம் எழும்பிக் கரும்பொருக்காகும். அந்த அளவில் நின்றால் மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலானவை தேறிவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாகப் படர்ந்தால்தான் மூச்சடைத்துச் சாகும். இதைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரும்பங்கு உண்டு.

மாரெக்ஸ் நோய் இளங்கோழிகளைத் தேடிப் பிடிக்கும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கோழி தரையில் கிடப்பதுதான் இதன் அடையாளம். கருவிழி சாம்பல் நிறமாவதும், உடம்புக்குள் கட்டிகள் வளர்வதும், தின்றும் இளைத்துக்கொண்டே போவதும் உண்டு. 1907 இல் இதை முதலில் விவரித்த ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக்கின் பெயரே நோயின் பெயராயிற்று.

மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகள் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்து, நீராகக் கழிந்து, தம் ஆசனவாயையே கொத்திக்கொண்டால் கம்போரோ நோயைச் சந்தேகிக்கலாம். தொற்று மூச்சுக்குழல் அழற்சி ஒன்றிரண்டு நாட்களுக்குள் கூட்டம் முழுவதையும் தும்ம வைக்கும். முட்டை ஓடு சுருங்கி, வெள்ளைக்கரு நீர்த்துவிடும். தொற்றுக் குரல்வளை அழற்சியில் கோழி கழுத்தை நீட்டி இருமும்போது இரத்தம் கலந்த சளி தெறிக்கும்.

எச்சம் வெள்ளையாக இருந்தால் உடனே வைரஸ் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இளங்குஞ்சுகள் வெள்ளையாகக் கழிவது சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவாலும் நேரும். இரத்தக் கழிச்சல் என்றால் அது ஓரணு ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து உண்டு. வைட்டமின் குறைவாலும் கழுத்து திருகும். மருந்துள்ள நோயை மருந்தில்லா நோய் என்று நினைத்துக் கோழியைச் சாகவிடுவதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

செத்த கோழியைப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிழைத்தவற்றை வைத்துக்கொள்ளலாமா, எந்தத் தடுப்பூசி போடலாம், எத்தனை நாள் கொட்டிலைக் காலியாக விடவேண்டும் என்ற எல்லாமே நோயின் பெயரைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பெயர் தெரியாமல் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இருட்டில் கல் எறிவதுதான்.

செத்த சில மணி நேரத்துக்குள் குளிரவைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டுசேருங்கள். உறையவைக்கக் கூடாது, உறைந்தால் திசு சிதைந்துவிடும். உணவு வைக்கும் குளிர்பெட்டியில் வைக்காமல் பனிக்கட்டி போட்ட தனிப் பெட்டியில் வையுங்கள். அறுத்துப் பார்க்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து.

வைரஸுக்கு மருந்தே கிடையாதா? ஆன்டிபயாடிக் கொடுத்தபின் என் கோழிகள் தேறினவே?

கோழிகளின் வைரஸ் நோய்களில் வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் வழக்கில் இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸ் நலியவைத்த மூச்சுக்குழலில் பாக்டீரியா புகுந்து சளியை முற்றவைக்கும்போது, அந்த இரண்டாம் தொற்றை அது அடக்கும். அந்த அளவுக்கு அது பயன்படும். மருத்துவர் சொன்னால் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். மருந்து நின்றபின் எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்களாகவே ஒரு பொட்டலம் வாங்கித் தண்ணீரில் கரைத்து வைப்பதால் பாக்டீரியா மருந்துக்குப் பழகிப்போகும். தேறிய கோழி மருந்தால்தான் தேறியது என்றும் சொல்ல முடியாது. தானாகத் தேறும் கோழியும் உண்டு.

நோயுற்ற கோழியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வெதுவெதுப்பு, தண்ணீர், அமைதி. காய்ச்சல் கண்ட கோழி பசியால் சாவதைவிட நீர் வற்றிச் சாவதே அதிகம். கிண்ணத்தை அதன் அலகுக்கு எட்டும்படி வையுங்கள். குடிக்கவில்லையென்றால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். அம்மைப் பொருக்கைப் பிய்க்காமல் அயோடின் தடவலாம். கண் ஒட்டிக்கொண்டால் உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

நலமான கோழிகளைக் கவனித்துவிட்டுத்தான் நோயாளியிடம் போக வேண்டும். எக்காரணத்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். நோயாளிக்கென்று ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு பழைய சட்டையும் தனியாக இருக்கட்டும்.

பிழைத்த கோழியை வைத்துக்கொள்ளலாமா, கொன்றுவிட வேண்டுமா?

இதற்கு எல்லா நோய்க்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

அம்மையிலிருந்து தேறியதை வைத்துக்கொள்ளலாம். அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. உதிர்ந்த பொருக்குகளில் வைரஸ் பல மாதங்கள் உயிரோடிருக்கும் என்பதால் அவற்றைக் கூட்டி எரித்துவிட வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலில் தேறிய கோழி சில வாரங்கள் எச்சத்திலும் சளியிலும் வைரஸை வெளியேற்றும். கழுத்து திருகியது நேராகாமலே போகலாம். அது தானாகத் தின்று குடித்தால் வாழட்டும். தலையைத் தரையில் தேய்த்துச் சுழன்றுகொண்டே இருந்தால் அந்த வாழ்வு வதைதான். கடைசி நோயாளி தேறி ஒரு மாதமாவது ஆகும்வரை கொட்டிலுக்குள் எதுவும் வரவும் கூடாது, அங்கிருந்து போகவும் கூடாது. பல நாடுகளில் இந்நோயைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். அங்கே கோழிகளைக் கொல்வதா என்பதை அதிகாரிகளே முடிவு செய்வார்கள்.

குரல்வளை அழற்சியும் மாரெக்ஸும் ஹெர்பிஸ் வகை வைரஸ்களால் வருபவை. ஒருமுறை உடம்பில் குடியேறினால் அவை வெளியேறுவதில்லை. தேறிய கோழி பார்க்கப் பொலிவாக இருக்கும்; முட்டையும் இடும். இடம் மாறினாலோ வேறு நெருக்கடி வந்தாலோ குரல்வளை அழற்சி வைரஸ் மறுபடி வெளிப்பட்டுப் பக்கத்துக் கோழியைப் பிடிக்கும். மாரெக்ஸ் வைரஸோ இறகுப் பொடியில் உதிர்ந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு முன்னால் இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, கூட்டம் முழுவதையும் நீக்கிப் புதிதாகத் தொடங்குவது. மற்றது, கூட்டத்தை மூடிவிடுவது: வாழும்வரை அவற்றை வளர்க்கலாம், ஒன்றைக்கூட யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது, புதிதாக வருபவை எல்லாம் தடுப்பூசி போட்டவையாக இருக்க வேண்டும். செல்லமாக வளர்ப்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. தெரிந்துகொண்டே ‘நல்ல கோழி’ என்று இன்னொருவர் கையில் கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

பறவைக் காய்ச்சல் உறுதியானால் முடிவு உங்கள் கையில் இல்லை. எல்லாப் பறவைகளும் அழிக்கப்படும், அதற்கு ஒத்துழையுங்கள்.

எங்கள் கோழிகள் வெளியே போகவே இல்லை. நோய் எப்படி உள்ளே வந்தது?

பெரும்பாலும் நீங்கள்தான் கொண்டுவந்திருப்பீர்கள். செருப்பில் ஒட்டிய எச்சம், வேறு வீட்டிலிருந்து இரவல் வாங்கிய கூடை, மறுபடி பயன்படுத்திய தீவனச் சாக்கு, முட்டை அட்டை எல்லாமே வண்டிகள்தான். புறாக்களும் சிட்டுக்குருவிகளும் தீவனத்துக்கு வரும். புறாக்களுக்கென்றே ஒரு நியூகாசில் வகை இருக்கிறது, அது கோழிக்கும் தாவும். பறவைக் காய்ச்சலைக் காட்டு வாத்துகள் அறிகுறியே இல்லாமல் சுமந்து வரும். மாரெக்ஸ் தூசியோடு காற்றில் மிதந்து வரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வாசல், ஆசைப்பட்டு வாங்கிவந்த புதுக்கோழி. நான் ஒருமுறை அழகான சேவல் ஒன்றைக் கொண்டுவந்து அன்று மாலையே கூட்டத்தோடு விட்டேன். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. பத்து நாட்களில் என்னுடையவை ஒவ்வொன்றாக இருமத் தொடங்கின. நலமாகத் தெரியும் பறவை நோயைச் சுமக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

புதுக்கோழியை எத்தனை நாள் தனியே வைக்க வேண்டும்?

30 நாட்கள். இரண்டு வாரம் போதும் என்பவர்கள் வெள்ளைக்கழிச்சலை மட்டும் கணக்கிடுகிறார்கள். தனி இடம், தனிப் பாத்திரம், கடைசியாகக் கவனிப்பு. மாதம் முடியும்போது உங்கள் கூட்டத்தில் இழந்தாலும் தாங்கக்கூடிய ஒரு கோழியை அதனோடு இரண்டு வாரம் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டும் நலமாக இருந்தால் கூட்டத்தில் விடலாம். இதுவும் முழு உத்தரவாதமல்ல. வளர்ந்த கோழியை வாங்குவதைவிட, தடுப்பூசி போட்ட ஒருநாள் குஞ்சை வாங்குவது எப்போதும் மேல்.

எந்தத் தடுப்பூசி எப்போது?

உங்கள் பகுதியில் எந்த நோய் நடமாடுகிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் அட்டவணை தருவார். பொதுவான வரிசை இது.

மாரெக்ஸ்: பொரித்த முதல் நாளே, தோலுக்கடியில். பிறகு போடுவதால் பயன் குறைவு, வைரஸ் முந்திக்கொள்ளும். போட்டபின்னும் எதிர்ப்புச் சக்தி பிடிக்க ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை குஞ்சுகளை வளர்ந்த கோழிகளிடமிருந்தும் அவற்றின் தூசியிலிருந்தும் விலக்கி வளர்க்க வேண்டும். இந்தத் தடுப்பூசி கட்டிகளையும் சாவையும் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. ஆகவே தடுப்பூசி போட்ட கோழியும் வைரஸைப் பரப்பும்.

வெள்ளைக்கழிச்சல்: 5 முதல் 7 ஆம் நாளில் எஃப்-1 அல்லது லசோட்டா வகை, கண்ணில் ஒரு சொட்டு. நான்காம் வாரத்தையொட்டி மறுபடியும். ஆர்2பி என்ற வீரியமான வகை வழக்கத்திலுள்ள இடங்களில் அதை எட்டாம் வாரத்தையொட்டி ஊசியாகப் போடுவார்கள். முன்னது போடாத சின்னக் குஞ்சுக்கு அதைப் போட்டால் அதுவே நோயாகிவிடும். கொல்லைக் கோழிகளுக்கென்றே நல்ல வரமாக வந்தது ஐ-2 என்ற வகை. ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது, வெப்பத்தை ஓரளவு தாங்கும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கண்சொட்டாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

கம்போரோ: இரண்டாம் வாரத்தையொட்டி. அம்மை: ஆறு முதல் எட்டு வாரத்தில், இரட்டை முள் ஊசியால் இறக்கைச் சவ்வில் குத்துவது. ஏழு முதல் பத்து நாளில் குத்திய இடத்தைத் தூக்கிப் பாருங்கள். சிறு வீக்கமோ பொருக்கோ இருந்தால் தடுப்பூசி பிடித்திருக்கிறது. இல்லையென்றால் மறுபடி போட வேண்டும்.

தடுப்பூசி போட்டும் செத்துவிட்டனவே?

தடுப்பூசி பெரும்பாலும் வழியிலேயே செத்துப்போயிருக்கும். கடையிலிருந்து கொட்டில் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் கண்ணில் விழுவது வெறும் தண்ணீர். கரைத்தபின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு எடுத்துவைப்பது வீண். வெயிலில் வைக்கக் கூடாது.

குடிநீரில் கொடுத்தால் குளோரின் அதைக் கொன்றுவிடும். குளோரின் கலக்காத நீரில் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்தபின் தடுப்பூசியைச் சேர்க்க வேண்டும். இருந்தாலும் பத்து இருபது கோழி வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் கையில் பிடித்துச் சொட்டு விடுவதே சிறந்தது. குடிநீரில் கொடுத்தால் மந்தமான கோழி குடிக்காமல் விட்டுவிடும். நோயும் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. தாயிடமிருந்து முட்டை வழி வந்த எதிர்ப்புப் பொருள் மிகச் சின்னக் குஞ்சில் தடுப்பூசியை மழுக்கிவிடும். கம்போரோ வந்து தேறிய குஞ்சின் எதிர்ப்பு உறுப்பே சிதைந்திருக்கும். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் சரியாக ஏறாது.

நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே தடுப்பூசி போடலாமா?

அம்மை என்றால், ஒன்றிரண்டு கோழிகளுக்கே வந்திருக்கும் நிலையில் மற்றவற்றுக்கு உடனே போடுங்கள்; அது மெதுவாகப் பரவுவதால் முந்திக்கொள்ள முடியும். வெள்ளைக்கழிச்சல் அவகாசம் தராது. ஏற்கெனவே தொற்றியவை தடுப்பூசியால் பிழைக்கமாட்டா, ஒவ்வொன்றாகப் பிடிக்கும் உங்கள் கையே நோயைக் கடத்தவும் கூடும். மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். அக்கம்பக்கத்துக் கோழிகளுக்குப் போடுவதுதான் அந்த நேரத்தில் பயன் தரும்.

மனிதருக்குத் தொற்றுமா? அந்தக் கோழியை உண்ணலாமா?

கோழி அம்மை மனிதருக்கு வராது. பெயரில்தான் ஒற்றுமை, நமக்கு வரும் சின்னம்மை வேறு வைரஸ். மாரெக்ஸ், கம்போரோ, மூச்சுக்குழல் அழற்சி ஆகியவையும் நம்மைத் தொடுவதில்லை. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் கண்ணில் பட்டால் சில நாட்கள் கண் சிவந்து உறுத்தும். தடுப்பூசிச் சொட்டு தெறித்தாலும் அப்படியே.

பறவைக் காய்ச்சல் வேறு. 1997 இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். சந்தேகம் இருக்கும்போது குழந்தைகளைக் கொட்டில் பக்கம் விடாதீர்கள். கோழிகளைத் தொட்டவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, இருமல் வந்தால் மருத்துவரிடம் கோழிகள் செத்த செய்தியைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நோயுற்ற கோழியையும் தானாகச் செத்த கோழியையும் உண்ணாதீர்கள். எல்லாப் பகுதியும் 70 டிகிரிக்கு மேல் வெந்தால் வைரஸ் அழியும் என்பது உண்மைதான்; ஆனால் அறுக்கும்போதும் இறகு பறிக்கும்போதும்தான் ஆபத்து. நாய்க்கும் பூனைக்கும் போடுவதும் கூடாது. பறவைக் காய்ச்சலால் பூனைகள் செத்திருக்கின்றன.

செத்த கோழிகளை என்ன செய்வது?

ஆழமாகக் குழி வெட்டி, மேலே ஒரு மீட்டர் மண் மூடும்படி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்ட இருக்கட்டும். வாய்க்காலிலும் குப்பையிலும் வீசினால் நாயும் காக்கையும் ஊர் முழுக்கப் பரப்பிவிடும்.

கொட்டிலை எப்படிச் சுத்தம் செய்வது? எப்போது மறுபடி குஞ்சு விடலாம்?

கிருமிநாசினியை எச்சத்தின் மேலேயே ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. எச்சமும் கூளமும் இருக்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்யாது. தூசி பறக்காமல் இலேசாக நீர் தெளித்து, முகமூடி அணிந்து, கூளத்தை முழுவதும் அள்ளிப் புதையுங்கள். பிறகு சுரண்டிச் சோப்பு நீரால் கழுவிக் காயவிடுங்கள். அதன்பின்தான் கிருமிநாசினி, பரப்பு பத்து நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். பிளீச்சிங் கரைசலை அன்றன்றே கலக்குங்கள். எச்சத்தின் அம்மோனியாவோடும் அமிலத்தோடும் அது சேர்ந்தால் நச்சுவாயு எழும். முதலில் கழுவச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பும் வெயிலும் அதை எளிதாக அழிக்கும். சுத்தம் செய்து ஒரு மாதம் காலியாக விட்டால் போதும். கம்போரோ வைரஸுக்கு அந்த உறை இல்லை. அது நான்கு மாதம்கூடக் கொட்டிலில் தாக்குப்பிடிக்கும், பல கிருமிநாசினிகளையும் தாங்கும். மாரெக்ஸ் தூசியும் பல மாதங்கள் நிற்கும். இவ்விரண்டுக்கும் காலியாக விடுவதை மட்டும் நம்பாமல், தடுப்பூசி போட்ட குஞ்சுகளைப் புது இடத்தில் வளர்த்து, அவை வலுத்தபின் பழைய கொட்டிலுக்கு மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக விடவேண்டாம். முதலில் மூன்று நான்கை மட்டும் விட்டு மூன்று வாரம் பாருங்கள். காலையில் கதவைத் திறந்ததும் எது முதலில் ஓடி வருகிறது, எது பின்தங்குகிறது, எச்சம் எப்படி இருக்கிறது என்று தினமும் நின்று கவனியுங்கள். அவை நலமாக இருந்தால் மற்றவற்றைக் கொண்டுவரலாம்.